பன்னிரண்டு லட்சமும் நான்கு வழிகளும்: எல்லையோரப் பலகாரக் கடை ஒன்றின் கணக்கு

தங்கை வீட்டு மாப்பிள்ளைக்குப் போன தை மாதம் சீட்டு முடிந்து பன்னிரண்டு லட்சம் கைக்கு வந்தது. பதினான்கு வருடமாகக் கொழிஞ்சாம்பாறையில் பலகாரக் கடை நடத்துகிறார். முறுக்கு, தட்டுவடை, மிக்சர், நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் கடைக்குப் பின்னால் இருக்கும் அடுப்பிலேயே போடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து, "மச்சான், இந்தப் பணத்தை வச்சுக் கடையைப் பெருசு பண்ணலாம்னு இருக்கேனுங்க. நாலு பேர் நாலு விதமாச் சொல்றாங்க. நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார். எல்லையின் இரண்டு பக்கமும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. சொந்தக்காரர் பணம் என்பதால் இந்த முறை நோட்டை எடுத்து முழுசாகவே எழுதிப் பார்த்தோம். அதைத்தான் இங்கே தருகிறேன்.

அவர் முன்னால் இருந்த வழிகள் நான்கு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு டீக்கடை கம்பெனியின் ஃப்ரான்சைஸை, அதாவது பணம் கட்டி அவர்கள் பெயரில் கடை நடத்தும் உரிமையை, எடுத்துப் பாலக்காட்டில் கடை போடலாம். தன் கடைப் பெயரையே கோவையில் ஒரு சொந்தக்காரருக்கு ஃப்ரான்சைஸாகக் கொடுக்கலாம். பொள்ளாச்சியில் சொந்தமாக இரண்டாவது கடை திறக்கலாம். இல்லையென்றால் கடை எதுவும் போடாமல், சரக்கை அதிகமாகப் போட்டு, பொள்ளாச்சிப் பக்கம் கடை கடையாகப் போகும் லைன் வண்டியில் மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கலாம்.

நம் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழிஞ்சாம்பாறை இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில். கேரளம்தான், ஆனால் கடைவீதியில் நின்றால் கொங்குத் தமிழ் காதில் விழும். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தும் இருக்கும். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை, வேலந்தாவளம் தாண்டினால் கோவைப் பக்கம். பெண் எடுப்பதும் கொடுப்பதும், தேங்காய் விற்பதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் இரண்டு பக்கமும்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து விற்பனை வரிச் சோதனைச்சாவடிகளை எடுத்தபோது, இனி எல்லையே இல்லை என்று பல வியாபாரிகள் நினைத்தார்கள். சாவடி போனது உண்மை. எல்லை மட்டும் நகர்ந்து பில் புத்தகத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கில் மூன்று வழிகளை அதுதான் தொடுகிறது.

பில்லுக்குள் இருக்கும் எல்லை

மாப்பிள்ளை ஜிஎஸ்டியில் காம்போசிஷன் என்று சின்ன வியாபாரிகளுக்கு இருக்கும் எளிய திட்டத்தில் இருக்கிறார். வருட வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் இதில் சேரலாம். தானே செய்து விற்பவருக்கு மொத்த வியாபாரத்தில் ஒரு சதவீதம் வரி. அவருக்கு வருடம் 60 லட்சம் ஓடுகிறது, 60,000 ரூபாய் கட்டுகிறார், வேலை முடிந்தது. வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, வாங்கின சரக்குக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சின்னக் கடைக்கு இது சுகம்.

ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. பொள்ளாச்சிக்காரர் நம் கடைக்கே வந்து காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனால் அது கேரளத்து விற்பனை, பிரச்சினை இல்லை. அதே முறுக்கை நாம் வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சிக் கடையில் இறக்கினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. பத்து கிலோவாக இருந்தாலும் சரி. வியாபார வரம்புக்குக் கீழே இருந்து பதிவே செய்யாதவர்கூட, மாநிலம் தாண்டிச் சரக்கு விற்க வேண்டுமானால் முதலில் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே பான் எண், சொந்தக் கிளை. ஆனாலும் பொள்ளாச்சிக் கிளைக்குத் தனிப் பதிவு வேண்டும். சட்டத்தின் கண்ணில் அந்தக் கிளை இன்னொரு ஆள். நம் அடுப்பிலிருந்து நம் கடைக்கே சரக்கு போனாலும் பில் போட்டு ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி, கட்ட வேண்டும். அங்கே அதை வரவு வைத்துக்கொள்ளலாம், பணம் போய்விடாது. கொஞ்ச நாள் முடங்கும், எழுத்து வேலை கூடும். வண்டியில் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் என்று ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டும் வேண்டும்.

ஆக, தமிழ்நாட்டுப் பக்கம் சரக்கு அனுப்புவது என்று முடிவு செய்தால் காம்போசிஷனை விட்டு ரெகுலருக்கு, அதாவது வழக்கமான ஜிஎஸ்டி முறைக்கு, வர வேண்டும். மாப்பிள்ளைக்கு இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22-லிருந்து மிக்சர் போன்ற நொறுக்குத்தீனிக்கு 12 சதவீதம் 5 ஆகிவிட்டது, முன்பிருந்த பயம் இப்போது வேண்டாம் என்று சொல்லித் தேற்றினேன். எண்ணெய், மாவு, பாக்கெட் கவர் ஆகியவற்றுக்குக் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியும்.

அடுத்தவர் பெயரை எடுப்பது

மாப்பிள்ளையின் மனசு உண்மையில் இங்கேதான் இருந்தது. ஏஜெண்ட் ஒருவர் மூன்று முறை வந்து போயிருக்கிறார். பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். கண்ணாடிக் கடை, ஏசி, ஒரே மாதிரி சட்டை போட்ட பையன்கள். "இதுல தலைவலியே இல்லைங்க மச்சான். சரக்கு அவங்களே குடுப்பாங்க, ஆளுக்கு ட்ரெயினிங்கும் அவங்களே" என்றார். எண்ணெய்ப் புகையில் பதினான்கு வருடம் நின்றவருக்கு ஏசி ஆசை வருவது தப்பில்லை.

ஏஜெண்ட் கொடுத்த தாளை வைத்துக் கூட்டினோம். ஃப்ரான்சைஸ் கட்டணம் 3 லட்சம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54,000. உள் வேலை, மெஷின் எல்லாம் 5.5 லட்சம். கடை அட்வான்ஸ் 1.5 லட்சம், முதல் சரக்கு 60,000. மொத்தம் 11 லட்சத்து 14 ஆயிரம். சீட்டுப் பணம் கிட்டத்தட்ட முழுசும் போய்விடும்.

மாதக் கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வியாபாரம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3 லட்சம். கம்பெனியிடமிருந்து வாங்கும் சரக்கு 45 சதவீதம், அதாவது 1,35,000. பெயருக்காக மாதாமாதம் கட்டும் ராயல்டி 6 சதவீதம், விளம்பரத்துக்கென்று 2 சதவீதம், இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 28,320. வாடகை 25,000, மூன்று பேர் சம்பளம் 45,000, கரண்ட் 12,000, மற்ற செலவு 8,000. எல்லாம் போக 46,680 நிற்கிறது. திரும்பி வராத பணம் 9 லட்சத்துக்கு மேல். ஒப்பந்தம் ஐந்து வருடம் என்பதால் அதை அறுபது மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 15,000. கடைசியில் கைக்கு 31,600 சொச்சம். காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை நின்றால்.

அதே கடையில் வியாபாரம் 10,000-லிருந்து 7,000-க்கு இறங்கினால் எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன். மாப்பிள்ளை இருபதாயிரம் இருக்கும் என்றார். போட்டுப் பார்த்தால் 5,676 ரூபாய். வாடகையும் சம்பளமும் கரண்டும் இறங்காது. ராயல்டியோ லாபத்தில் வாங்குவதில்லை, வியாபாரத்தில் வாங்குகிறார்கள். நமக்கு நஷ்டம் வரும் மாதத்திலும் அவர்களுக்கு வரவு உண்டு. ஏஜெண்டின் தாளில் 10,000 ரூபாய்க்கு ஒரு வரிசை, 15,000-க்கு ஒரு வரிசை, 20,000-க்கு ஒரு வரிசை இருந்தது. 7,000-க்கு வரிசையே இல்லை.

டீக்கடை, ஓட்டல் எல்லாம் 5 சதவீத வரியில், வாங்கினதுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்காமல் ஓடுபவை. அதனால் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் நாம் கட்டுகிற 18 சதவீதம் எங்கேயும் கழியாது. அது அப்படியே செலவு. ஏஜெண்ட்கள் கட்டணத்தைச் சொல்லும்போது 'பிளஸ் ஜிஎஸ்டி' என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

விலையும் நம் கையில் இருக்காது. 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளை சிப்ஸ் விலையை ஒரே மாதத்தில் இரண்டு முறை ஏற்றினார், 250 கிராம் பாக்கெட்டை 200 கிராம் ஆக்கினார், அப்படித்தான் தப்பித்தார். கம்பெனிக் கடையாக இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. 2012-இல் கணக்கு வேலை போதாது என்று ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் ஏஜென்சி எடுத்தேன். பெயர் வேண்டாம். ஃப்ரீசருக்கு டெபாசிட் கட்டி, எட்டு மாதம் தெருத் தெருவாகக் கடை பிடித்து, நடுப்புணி வரை லைன் போட்டேன். ஒன்பதாவது மாதம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவருக்கு அதே ஏஜென்சி கொடுத்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால், எனக்கு எந்த எல்லை என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் அதைப் படிக்கவே இல்லை. கணக்குப்பிள்ளை! டெபாசிட்டில் பாதிதான் திரும்பி வந்தது. நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம்தான் பொது. அதனால் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்குக் காவல். எந்த எல்லைக்குள் இன்னொரு கடை வராது, ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்க எவ்வளவு, நடுவில் விலகினால் என்ன கிடைக்கும், சரக்கு விலையை யார் எப்போது ஏற்றலாம். இவை எழுத்தில் இல்லையென்றால் அவர்கள் வாயால் சொல்வது எதுவும் கணக்கில் வராது.

ஃப்ரான்சைஸே தப்பு என்று நான் சொல்லவில்லை. வளைகுடாவிலிருந்து பணத்தோடு திரும்பியவர், கையில் தொழில் இல்லாதவர், இவர்களுக்கு அது பொருந்தும். கேரளக் கூட்டுறவுப் பாலான மில்மாவின் பூத் எடுத்தவரைப் பாருங்கள். அந்தப் பெயருக்கு அவர் விளம்பரம் செய்வதில்லை, பால் வாங்க ஆட்கள் தானாக வருகிறார்கள். மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே தொழில் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு இன்னொருவர் பெயருக்குப் பணம் கட்டுவானேன்?

நம் பெயரைக் கொடுப்பது

கோவை குனியமுத்தூரில் இருக்கும் சொந்தக்காரர் இரண்டு லட்சம் முன்பணமும் மாதம் வியாபாரத்தில் ஐந்து சதவீதமும் தருவதாகச் சொன்னார். நம் கைக்காசு ஒரு ரூபாய் இல்லாமல் கடை பெருகும். கேட்க இனிக்கிறது.

இங்கே எனக்கு ராமசேரி இட்லிதான் ஞாபகம் வந்தது. எலப்புள்ளிப் பக்கம், பாலக்காடு பொள்ளாச்சிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் ஊர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று சொல்லும் முதலியார் குடும்பங்கள் மண்சட்டி வாயில் நூல் வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவு ஊற்றி, விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் இருக்கும். தொட்டுக்கொள்ளப் பொடி. பெயர் எங்கெங்கோ போய்விட்டது, ஆனாலும் ராமசேரியில் போடுகிற குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சட்டி, அந்த அடுப்பு, மாவுப் பதம் பார்க்கும் அந்தக் கை எல்லாம் சேர்ந்துதான் இட்லி. பெயரை மட்டும் பிரித்துக் கொடுத்தால் வாங்கினவருக்கு என்ன கிடைக்கும்?

மாப்பிள்ளை கடைத் தட்டுவடை எந்த வகை? நான் நேராகவே கேட்டேன், "மாஸ்டர் ஒரு வாரம் ஊருக்குப் போனா என்ன ஆகுமுங்க?" "ஒரு வாரம் தட்டுவடை போட மாட்டோமுங்க" என்றார். அப்படியென்றால் கொடுக்க நம்மிடம் இன்னும் எதுவும் தயாராக இல்லை. மாவு எத்தனை கிலோவுக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை மில்லி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, எண்ணெய் எத்தனை டிகிரியில் போடுவது என்று எழுதி, புதிதாக வந்த பையன் அந்தத் தாளைப் பார்த்துப் போட்ட தட்டுவடையை வாடிக்கையாளர் வித்தியாசம் தெரியாமல் வாங்கிப் போகும் நாள் வர வேண்டும். பிறகு பேசலாம்.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தபின் சொந்தக்காரர் நம் தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் பெரும்பாலும் செல்லாது. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. இரண்டு வருடம் பக்குவத்தைக் கற்றுக்கொண்டு, பலகையை மாற்றி, எதிரிலேயே கடை போட்டால் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நம் கையில் இருப்பது பெயர் ஒன்றுதான், அதுவும் பதிவு செய்திருந்தால். டிரேட்மார்க் பதிவுக்குத் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். முறுக்கு 30-ஆவது வகுப்பில் வரும், வாழைக்காய் சிப்ஸ் 29-இல், எனவே இரண்டுக்கும் 9,000. கிடைத்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வெறும் ஊர்ப் பெயரை வைத்துப் பதிவு கேட்டால் கிடைப்பது கஷ்டம். மாப்பிள்ளை கடைக்கு அவர் பாட்டி பெயர், அதனால் வாய்ப்பு உண்டு. நான்கில் எந்த வழியில் போனாலும் இந்த 9,000 ரூபாயை முதலில் கட்டச் சொன்னேன். பதினான்கு வருடமாகக் கட்டாமல் விட்டதற்கு என்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டேன்.

பக்குவம் வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால் மசாலாவும் கலந்த மாவும் நாமே தயார் செய்து அனுப்பலாம். பெரிய கம்பெனிகள் செய்வது அதைத்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து குனியமுத்தூருக்கு மாவு போனால், திரும்பவும் அந்தப் பில்லுக்குள் இருக்கும் எல்லை. பெயருக்கு வாங்கும் கட்டணம்கூட மாநிலம் தாண்டிய சேவை, காம்போசிஷனில் இருந்துகொண்டு அதையும் செய்ய முடியாது.

பொள்ளாச்சியில் சொந்தக் கடை

இதில் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. வாடகை 18,000, இரண்டு ஆள் சம்பளம் 26,000, கரண்ட் 4,000, வண்டி 6,000, ஆக மாதம் 54,000. முறுக்கு, தட்டுவடை சராசரியாகக் கிலோவுக்கு 150 ரூபாய் அடக்கம், வரி இல்லாமல் 260-க்கு விற்கிறார். 110 நிற்கும். நாள் ஒன்றுக்குப் பதினாறு பதினேழு கிலோ போனால் கைநஷ்டம் இல்லை. முப்பது கிலோ போனால் மாதம் 45,000 நிற்கும். நான்கு வழியிலும் பெரிய எண் இதுதான். அட்வான்ஸும் ரேக்கும் பலகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குள் முடியும்.

பதினாறு கிலோ சுலபமா என்பதுதான் கேள்வி. கொழிஞ்சாம்பாறைக் கடையில் இந்த இரண்டு அயிட்டமும் இன்றைக்கு நாளுக்கு 35 கிலோ போகிறது. பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது அதற்கு. பொள்ளாச்சியில் ஏற்கெனவே நல்ல கடைகள் இருக்கின்றன, நம் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ருசியும் வேறு. கேரளப் பக்கத்து வாடிக்கையாளர் சிப்ஸைத் தேங்காய் எண்ணெயில் கேட்பார், வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். பொள்ளாச்சிக்காரர் காரம் தூக்கலாகக் கேட்பார், எண்ணெயைவிட விலையைப் பார்ப்பார். இன்னொரு சங்கதி, யார் அங்கே உட்காருவது? தங்கை கொழிஞ்சாம்பாறைக் கல்லாவில், மாப்பிள்ளை அடுப்படியில். பையன் பிளஸ் டூ படிக்கிறான்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது சீசன். கேரளத்தில் ஓணத்துக்குச் சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும் பறக்கும், தீபாவளி அவ்வளவாக இருக்காது. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும். ஆவணியில் ஒரு கை, ஐப்பசியில் ஒரு கை. எல்லையில் இருப்பவனுக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது.

லைன் வண்டி

பார்த்தால் எளிமையானது, கௌரவம் குறைவானது, மாப்பிள்ளைக்குப் பிடிக்காதது. கடைக்காரருக்குக் கிலோ 205 ரூபாய்க்குக் கொடுப்பது. நமக்கு 55 நிற்கும். வாரம் இரண்டு நாள் வண்டி. நாற்பது கடை, கடைக்கு மூன்று கிலோ என்றால் வாரம் 120 கிலோ, வரவு 6,600. டீசலுக்கும் டிரைவருக்கும் 3,000, ரிட்டர்ன் வருவது ஐந்து சதவீதம் என்று வைத்து 1,230 கழித்தால் வாரம் 2,370 மிச்சம். மாதத்துக்குப் பத்தாயிரம்கூட இல்லை. "இதுக்கா மச்சான்?" என்றார்.

எண்பது கடை ஆனால் என்ன என்று அடுத்த பக்கத்தில் எழுதினேன். 240 கிலோ, வரவு 13,200. வண்டி அதே இரண்டு நாள், கொஞ்சம் சுற்று கூடும், 3,500. ரிட்டர்ன் 2,460. வாரம் 7,240, மாதம் 29,000. ஏசிக் கடையில் பதினொரு லட்சம் போட்டு எடுக்கிற கிட்டத்தட்ட அதே பணம். இங்கே போடுவது பாக்கெட் மெஷின், ஒரு முறுக்கு மெஷின், இன்னொரு அடுப்பு, எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் இருக்கும். அதோடு லைனில் நிற்கும் கடன். ஒவ்வொரு கடையும் ஒரு வாரத்துச் சரக்கைக் கடனில் வைத்திருக்கும், எண்பது கடைக்கு 49,200. "அடுத்த லைனுக்குத் தர்றேனுங்க" என்ற வசனத்தைக் கேட்டுப் பழக வேண்டும். மூன்று லைன் தொடர்ந்து அதையே சொல்லும் கடைக்குச் சரக்கை நிறுத்திவிட வேண்டும், முகம் பார்க்கக் கூடாது. பாக்கெட்டில் எடை, விலை, தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கல்லாவில் தாள் கூம்பில் மடித்துக் கொடுக்கிற பழக்கம் இங்கே நடக்காது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எண்பது கடையில் எந்தெந்தத் தெருவில் நம் தட்டுவடை தீர்கிறது, எங்கே தூசி பிடிக்கிறது என்று ஆறு மாதத்தில் நோட்டில் இருக்கும். பொள்ளாச்சியில் கடை எந்தச் சாலையில் போடுவது என்பதை அந்த நோட்டு சொல்லும், புரோக்கர் சொல்ல வேண்டியதில்லை.

விளம்பரத்துக்குப் பணம் அதிகம் வேண்டாம் என்றேன். கூகுள் மேப்பில் கடையை ஏற்றி, தமிழிலும் மலையாளத்திலும் பெயர் போட்டு, படம் வைப்பது இலவசம். வந்தவர்களிடம் நல்லபடியாக நாலு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம். பாக்கெட் பின்பக்கம் வாட்ஸ்அப் எண். நவம்பரில் கல்பாத்தித் தேருக்கும், ஏப்ரலில் நெம்மாறை வல்லங்கி வேலத் திருவிழாவுக்கும் ஸ்டால் போட்டு, கால் கிலோ பாக்கெட்டாகக் கொடுக்கலாம். ஓணத்துக்கு, கேரள அரசின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீயும் அரசுக் கடைகளான சப்ளைகோவும் சந்தை நடத்துகின்றன. மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை. கொங்கு ராஜாவின் படையைத் துரத்தியடித்ததைக் கொண்டாடும் திருவிழா அது. போன வருடம் அங்கே மாப்பிள்ளை மேசை போட்டு 'கொங்குத் தட்டுவடை' என்று எழுதி வைத்தார். அன்றைக்கு மட்டும் கொங்கனை யாரும் துரத்தவில்லை, மூன்று மணிக்கே சரக்கு தீர்ந்தது.

சரி, முடிவு. ஃப்ரான்சைஸ் எடுப்பதை நான் அடித்துவிட்டேன். பெயரைக் கொடுப்பதை, மாஸ்டர் இல்லாமல் தட்டுவடை வரும் நாள்வரை தள்ளி வைத்தோம். குனியமுத்தூர் சொந்தக்காரருக்குக் கோபம்தான், கல்யாண வீட்டில் பார்த்தால் சமாதானம் செய்துகொள்ளலாம். முதலில் லைன், ஆறு மாதம் கழித்து நோட்டைப் பார்த்துப் பொள்ளாச்சிக் கடை. மீதிப் பணம் எட்டு லட்சத்துக்கு மேல் பேங்கில் இருக்கட்டும், ஓணத்துக்கு முன் எண்ணெய் விலை ஏறினால் சரக்கு பிடிக்க உதவும். மாப்பிள்ளைக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஏசிக் கடை அவர் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. ஏஜெண்ட் போன வாரமும் போன் செய்திருக்கிறார், கட்டணத்தில் ஐம்பதாயிரம் குறைப்பதாக. "ஏழாயிரத்துக்கு ஒரு வரிசை போட்டுத் தாங்க, பார்க்கலாம்"னு மாப்பிள்ளை சொன்னாராம். பதில் வரவில்லை.

சித்திரையில் காம்போசிஷனிலிருந்து ரெகுலருக்கு மாற்றினேன். பொள்ளாச்சியில் வியாழக்கிழமை மாட்டுச் சந்தை, வெளியூர்க் கூட்டம் வரும் நாள் என்பதால் முதல் லைனை அன்றைக்கே வைத்தோம். பதினோரு கடை ஒத்துக்கொண்டது. முதல் பில்லை நானே உட்கார்ந்து எழுதினேன்: தட்டுவடை மூன்று கிலோ, 615 ரூபாய், ஐஜிஎஸ்டி 5 சதவீதம்.